மின்தடை: சொல்லும் கணக்கும்

ஒரு பொருள் தன் வழியே மின்னோட்டம் பாய்வதை எந்த அளவுக்குத் தடுக்கிறது என்பதைக் குறிக்கும் அளவே மின்தடை. அலகு ஓம், குறி, கிரேக்க எழுத்து ஒமேகா. இரு முனைகளுக்கிடையே 1 வோல்ட் கொடுக்கும்போது 1 ஆம்பியர் பாய்ந்தால், அந்தப் பொருளின் மின்தடை 1 ஓம்.

விடு விடையாகவும் கொடு கொடையாகவும் ஆனது போல, 'தடு' என்ற வினையிலிருந்து வந்தது தடை. ரெசிஸ்டன்ஸ் என்ற சொல்லின் லத்தீன் வேருக்கு 'எதிர்த்து நிற்றல்' என்று பொருள். ஆனாலும் தமிழில் எதிர்ப்பு என்ற சொல் இதற்கு வரவில்லை. மின்னெதிர்ப்பு என்பதை மாறுதிசை மின்னோட்டப் பாடம் இம்பீடன்ஸுக்கு, அதாவது மாறுதிசை மின்னோட்டத்துக்கு ஒரு சுற்று காட்டும் மொத்தத் தடுப்புக்கு, எடுத்துக்கொண்டது. இரண்டும் வேறு வேறு அளவுகள் என்பதால் இந்தப் பிரிவு நன்மைக்கே.

குழப்பம் வேறிடத்தில் இருக்கிறது. 'நாளை காலை 9 மணி முதல் மின்தடை' என்று தமிழ்நாட்டுச் செய்தித்தாள்கள் எழுதுவது மின்சாரம் நிறுத்தப்படுவதை. அதற்கு மின்நிறுத்தம், மின்வெட்டு என்ற சொற்கள் இருக்கின்றன. அவற்றையே எழுதினால் பாடம் படிக்கும் பிள்ளைக்கு ஒரே சொல் இரண்டு பொருள் தராது. அதேபோல மின்தடை என்பது அளவின் பெயர் மட்டுமே. சர்க்யூட்டில் பொருத்தும் ரெசிஸ்டர் என்ற பாகத்துக்கு மின்தடையம் என்று பெயர்; இலங்கையில் தடையி என்பார்கள். '10 ஓம் மின்தடையம்', 'அதன் மின்தடை 10 ஓம்' என்று எழுதுவதே சரி.

அலகுக்குப் பெயர் தந்தவர் ஜெர்மானியரான கியோர்க் சைமன் ஓம் (1789–1854). முதலில் அவர் பயன்படுத்திய மின்கலத்தின் வலு சோதனை நடக்கும்போதே இறங்கிக்கொண்டிருந்தது, அளவுகள் நிலைக்கவில்லை. பிறகு பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஒரு சந்தியைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்தார். வெப்பநிலை வேறுபாடு மாறாததால் மின்னழுத்தமும் மாறவில்லை. முடிவுகளை 1827இல் நூலாக வெளியிட்டார். 1881இல் பாரிஸில் கூடிய பன்னாட்டு மின்னியல் மாநாடு ஓம், வோல்ட், ஆம்பியர் மூன்றையும் ஏற்றது.

கணக்கு இதுதான்: மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை; இரண்டையும் பெருக்கினால் மின்திறன், அதாவது வாட். இலங்கைப் பாடநூல்களில் திறனுக்கு வலு என்று பெயர். ஆற்றல் வேறு, திறனை நேரத்தால் பெருக்கினால்தான் ஆற்றல் வரும். கரண்ட் பில்லில் உள்ள ஒரு யூனிட் என்பது ஆற்றல்: 2000 வாட் ஹீட்டர் அரைமணி நேரம் ஓடினால் 1 யூனிட்.

அந்த ஹீட்டரையே எடுத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் 2000 வாட் என்றால் மின்னோட்டம் சுமார் 8.7 ஆம்பியர், மின்தடை சுமார் 26.5 ஓம். லோ வோல்டேஜில் 200 வோல்ட் மட்டுமே வந்தால் பலரும் 1740 வாட் என்று விகிதக் கணக்குப் போடுவார்கள். அது தவறு. மின்னழுத்தம் குறையும்போது மின்னோட்டமும் சேர்ந்து குறைகிறது. 200ஐ 200ஆல் பெருக்கி 26.5ஆல் வகுத்தால் சுமார் 1510 வாட்தான் வரும். தண்ணீர் சூடாக அவ்வளவு நேரம் எடுப்பதற்கு இதுவே காரணம்.

ஹீட்டரின் காயில் (சூடாகும் கம்பிச்சுருள்) நன்றாக இருக்கிறதா என்று பார்க்க, எம்.சி.பி.யை அணைத்து, மின்சாரம் இல்லை என்று டெஸ்டரோடு நிற்காமல் மல்டிமீட்டரின் ஏ.சி. வோல்ட் நிலையிலும் உறுதிசெய்து, ஹீட்டர் முனைகளிலிருந்து வயரைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை 200 ஓம் நிலையில் வையுங்கள். முதலில் மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டால் காட்டும் சிறு அளவை, இறுதி அளவிலிருந்து கழிக்க வேண்டும். 26 ஓமை ஒட்டி வந்தால் காயில் சரி. எல்லையைத் தாண்டியதாகக் காட்டினால் அறுந்துவிட்டது. காயிலுக்கும் வெளிக்குழாய்க்கும் இடையே கசிவு இருக்கிறதா என்பதை மல்டிமீட்டர் மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது. அதன் சோதனை மின்னழுத்தம் மிகக் குறைவு. 500 வோல்ட் மெக்கர் (உயர் மின்னழுத்தம் கொடுத்துக் கசிவைச் சோதிக்கும் கருவி) தேவை. மின்சாரம் இருக்கும்போது ஓம் நிலையில் வைத்துத் தொட்டால் மீட்டர் கெடும், கையும் சுடும்.

ஹீட்டரில் உள்ள நிக்ரோம் (நிக்கல், குரோமியம் கலந்த உலோகம்) காயிலின் மின்தடை சூட்டில் சில சதவீதமே மாறும். குண்டு பல்பு அப்படியல்ல. 100 வாட் பல்பு எரியும்போது 529 ஓம். அணைந்து ஆறியிருக்கும்போது அளந்தால் சுமார் 40 ஓம்தான். டங்ஸ்டன் இழை சூடாகச் சூடாக அதன் மின்தடை ஏறுகிறது. பல்பு பெரும்பாலும் சுவிட்சைப் போடும் நொடியில் பியூஸ் போவதற்கு, ஆறிய இழையின் மின்தடை குறைவாக இருப்பதால் அப்போது பாயும் பெரிய மின்னோட்டம் ஒரு காரணம்.

வயருக்கும் மின்தடை உண்டு. 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயருக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 18 ஓம். 20 மீட்டர் தள்ளி ஹீட்டர் இருந்தால் போக வர 40 மீட்டர், 0.72 ஓம். 8.7 ஆம்பியரில் 6 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். வயரில் மட்டும் சுமார் 54 வாட் வெப்பம். 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் அது 22 வாட்டுக்கு இறங்கும்.

மின்விசிறிக்கு இந்தக் கணக்கை அப்படியே போடக்கூடாது. 230 வோல்ட், 0.35 ஆம்பியர் என்று கிளாம்ப் மீட்டர் காட்டினால் பெருக்கி வருவது 80.5 வோல்ட்-ஆம்பியர், திறன் காரணி (அதில் உண்மையான மின்திறனாகும் பங்கு) 0.9 என்றால் உண்மையான மின்திறன் சுமார் 72 வாட்.