தீ வைத்துக் காக்கும் புல்வெளி

அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போய்வந்த வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். நெப்ராஸ்கா மாநிலம் பியாட்ரிஸ் ஊருக்குப் பக்கத்தில் ஹோம்ஸ்டெட் தேசிய வரலாற்றுப் பூங்கா இருக்கிறது. 1867-இல் குடியேறிகள் கட்டிய மரவீட்டையும் அவர்கள் பிள்ளைகள் படித்த செங்கல் பள்ளிக்கூடத்தையும் அவ்வளவு பத்திரமாக வைத்திருப்பவர்கள், சுற்றியுள்ள புல்வெளிக்கு மட்டும் தாங்களே தீ வைக்கிறார்களாமே, ஏன் என்று கேட்கிறார்.

1862-இல் லிங்கன் கையெழுத்திட்ட சட்டப்படி, ஐந்து ஆண்டுகள் குடியிருந்து பயிரிட்டால் 160 ஏக்கர் சொந்தமாகும். 1863 ஜனவரி 1 அன்று, சட்டம் நடைமுறைக்கு வந்த முதல் நாளே, டேனியல் ஃப்ரீமன் பதிவுசெய்த நிலம்தான் இன்றைய பூங்கா. அதற்கு முன் அது ஓட்டோ-மிசோரியா பழங்குடிகளின் மண். இதைச் சொல்லாமல் குடியேறிகளின் கதையைச் சொல்வது நியாயமில்லை. ஏர் பட்டு அழிந்த புல்வெளியை 1939 முதல் திரும்ப வளர்த்து வருகிறார்கள்.

சரி, தீ எதற்கு? அங்கே முக்கியமான புல் பிக் புளூஸ்டெம். கரும்புக்கும் சோளத்துக்கும் உறவு. ஆள் உயரத்தைத் தாண்டி வளரும். வேரும் ஏறக்குறைய அதே அளவு கீழே இறங்கும். மரம் இல்லாத பகுதிகளில் குடியேறிகள் இந்த வேர்ப்பின்னலோடு மண்ணைப் பாளம் பாளமாக வெட்டி, செங்கல் போல அடுக்கியே வீடு கட்டினார்கள்.

தீ இல்லாவிட்டால் மரக்கன்றுகள் வளர்ந்து புல்வெளியை மூடிவிடும். மரக்கன்றுக்குக் குருத்து கிளை நுனியில் இருக்கிறது. தீயில் முதலில் கருகுவது அதுதான். புல்லுக்கோ மொட்டுகள் தூரிலும், மண்ணுக்குள் கிடையாக ஓடும் மட்டநிலத் தண்டிலும் பதுங்கியிருக்கின்றன. புல்தீ நின்று எரியாது, ஓடிவிடும். வெப்பம் மேலே போகும். மண்ணோ வெப்பத்தை எளிதில் கடத்தாது. சில சென்டிமீட்டர் ஆழத்தில் தீ வந்துபோனதே தெரியாது. வயலில் எத்தனை முறை கொளுத்தினாலும் அறுகு திரும்பி வருகிறதே, அதே சூட்சுமம்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது தீ வைக்கும் நேரம். புளூஸ்டெம் வெயில் ஏறிய பிறகே விழிக்கும் புல். வெளியிலிருந்து வந்து ஆக்கிரமித்த புரோம் புல் குளிர் விலகியதுமே துளிர்த்துவிடும். அதனால் பெரும்பாலும் வசந்தத்தில் கொளுத்துகிறார்கள். சேமித்த சத்தைச் செலவழித்துத் தழைத்து நிற்கும் புரோம் அடிவாங்குகிறது. தூங்கும் புளூஸ்டெம் தப்பிக்கிறது. அப்புறம், வெயிலை மறைத்திருந்த பழைய சருகும் போய்விடுவதால் கறுத்த மண் வேகமாகச் சூடேறி அதை எழுப்பிவிடுகிறது.

எந்தப் புல் எப்போது விழிக்கிறது என்பது ஆண்டுக்கணக்கில் அதே வெளியில் நடந்தால்தான் தெரியும். நம்மூரில் பெரும்பாலான ஆய்வுத் திட்டங்களுக்கு மூன்று ஆண்டுதான் நிதி. புல்வெளிக்கு அது போதவே போதாது.

அந்த வாசகர் அடுத்த முறை, கொளுத்தி இரண்டு வாரம் ஆன புல்வெளியைக் குனிந்து பார்க்க வேண்டும். கரிந்த தூரின் நடுவே, ஊசி போலச் சுருண்ட பச்சைக் குருத்துகள் கரியைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கும்.