ஒல்லியான மருமகளுக்குச் சீனி வந்தது எப்படி?

மலையகத்தில் அட்டனுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு மாமியார் கேட்டிருக்கிறார்: "மருமகளுக்கு ஏழாம் மாதம். ஒல்லியான பிள்ளை. இரு பக்கத்துக் குடும்பத்திலும் யாருக்கும் சீனி கிடையாது. கிளினிக்கில் சீனி என்கிறார்கள். இரண்டு உயிருக்குச் சாப்பிடு என்று நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். என்னால் வந்ததா?"

அம்மா, முதற் குற்றவாளி நீங்கள் அல்ல, கருப்பையில் பிள்ளைக்கு உணவூட்டும் நச்சுக்கொடி.

ரொட்டியும் சோறும் குளுக்கோசாகி இரத்தத்தில் சேர்வதும், சதையி (கணையம்) சுரக்கும் இன்சுலின் அதைத் தசைகளுக்குள் அனுப்புவதும் பள்ளியில் படித்தவை. வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கோ தாயின் இரத்தத்தில் உள்ள குளுக்கோசுதான் முதன்மை உணவு. அதை வலிந்து இழுக்க நச்சுக்கொடிக்கு வழியில்லை. செறிவு கூடிய தாயின் பக்கத்திலிருந்து குறைந்த பிள்ளையின் பக்கத்துக்கு அது தானாக வந்தால்தான் உண்டு. அப்படியானால் நிறையப் பெற ஒரே வழி, தாயின் இரத்தத்தில் குளுக்கோசை அதிக நேரம் நிற்கவைப்பது.

நச்சுக்கொடி அதைத்தான் செய்கிறது. லாக்டோஜன் முதலான ஹோர்மோன்களைத் தாயின் இரத்தத்தில் கலந்துவிடுகிறது. அதன்பின் தாயின் தசைகள் இன்சுலின் சொல்வதைச் சரியாகக் கேட்பதில்லை. கடைசி மாதங்களில் இன்சுலினின் பலன் ஏறக்குறைய பாதியாகிவிடும். எனக்கு அலுக்காத இடம் இனித்தான் வருகிறது. தசைகளைக் கெடுக்கும் அதே லாக்டோஜன், கூடுதலாகச் சுரக்கும்படி தாயின் சதையியையும் தூண்டுகிறது. எலிகளில் இது மிகத் தெளிவாகக் காணப்பட்டிருக்கிறது. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது இதுதான்! பெரும்பாலான தாய்மாரின் சதையி இரண்டு மடங்குக்கு மேல் சுரந்து சமாளித்துவிடுகிறது. முடியாதவர்களுக்குக் கர்ப்பகால நீரிழிவு.

தாய் கொடுக்க விரும்புவதைவிடச் சற்று அதிகமாகவே கரு கேட்கும் என்று 1993இல் டேவிட் ஹெய்க் என்ற பரிணாம உயிரியலாளர் வாதிட்டார். நச்சுக்கொடியின் பரம்பரை அலகுகளில் பாதி தந்தை வழி வந்தவை. ஆகவே உங்கள் மகனையும் கொஞ்சம் திட்டலாம்.

ஒல்லியானவளுக்கு ஏன் என்றால், எடை குறைந்து பிறந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்புக் கூடுதல். 1992இல் ஹேல்ஸும் பார்க்கரும் இதற்கு, கருவிலேயே போதிய உணவு கிடைக்காததைக் காரணமாக முன்வைத்தார்கள். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்த எத்தனை பேர் அப்படிப் பிறந்தவர்கள் என்பது எந்த மருத்துவமாதுவுக்கும் தெரியும். குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்பதும், யாரும் பரிசோதிக்கவில்லை என்பதாகவே இருக்கலாம். தேயிலைச் செடியின் நோய்நொடியை ஆராயத் தலவாக்கலையில் பெரிய நிறுவனமே இருக்கிறது. அந்த ஆராய்ச்சி தொடங்கியது 1925இல். கொழுந்து பறிக்கிறவளின் சதையிக்கும் அந்த அக்கறையில் பாதி கிடைத்திருக்கலாம் என்பது என் மனக்குறை.

அதற்காக மருமகளைப் பட்டினி போடாதீர்கள். பிள்ளை பெருத்தால் பிரசவம் கஷ்டம் என்று சோற்றைக் குறைப்பவர்களும் உண்டு. அது வேறொரு கேடு. அமெரிக்காவின் மருத்துவ நிறுவனம் (Institute of Medicine) 2009இல் தந்த பரிந்துரைப்படி, ஒல்லியானவர் கர்ப்பகாலத்தில் 12.5 முதல் 18 கிலோவும், சராசரி எடையுள்ளவர் 11.5 முதல் 16 கிலோவும் கூட வேண்டும். அதற்கு இரட்டைச் சாப்பாடு தேவையில்லை. நடுமாதங்களில் நாளுக்குச் சுமார் 340 கலோரி கூடினால் போதும். மூன்று ரொட்டியும் சம்பலும் என்பதை இரண்டு ரொட்டி, பருப்பு, முட்டை, கீரை என்று மாற்றுங்கள். சாயத்தண்ணீருக்குச் சீனிக்குப் பதில் கித்துள் கருப்பட்டி கடித்தால் தப்பலாம் என்று நினைக்க வேண்டாம். அதிலும் பெரும்பங்கு சீனிதான்.

சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிடம், வைத்தியர் தடுக்காவிட்டால், சமதரையில் நடக்கச் சொல்லுங்கள். தசை இயங்கும்போது குளுக்கோசை உள்ளே கடத்தும் புரதங்கள் இன்சுலினைக் காத்திராமலே கலத்தின் மேற்பரப்புக்கு வந்துவிடுகின்றன. இந்த வழியை நச்சுக்கொடியால் அடைக்க முடிவதில்லை. இதுவும் போதாவிட்டால் வைத்தியர் மருந்தோ இன்சுலினோ தருவார், பயப்படாமல் ஏற்றுக்கொள்ளட்டும்.

பிரசவத்தில் நச்சுக்கொடி வெளியேறியதும் பெரும்பாலானோருக்குச் சீனி விரைவில் இறங்கிவிடும். அத்தோடு விட்டுவிடாமல் 6 முதல் 12 வாரங்களுக்குள் மறுபடி பரிசோதிக்க வேண்டும். பிள்ளைக்கு இரண்டாம் மாதத் தடுப்பூசி போடக் கிளினிக்குக்குப் போகும்போதே அதையும் கேட்டுச் செய்துகொள்ளலாம்.