பகலில் மட்டும் ஓட்டும் வண்டிக்கு லைட் எதற்கு?

எதிரே வரும் பைக்கில் பகலில் ஹெட்லைட் எரிந்தால், கையைத் தூக்கி விரல்களைக் குவித்துக் குவித்து விரிப்பது நம் ஊர்ப் பழக்கம். 'லைட் எரியுதுப்பா, அணை' என்று அர்த்தம். 2017-க்குப் பிறகு வந்த வண்டிக்காரர்கள் சிரித்துவிட்டுப் போகிறார்கள். அவர்கள் நினைத்தாலும் அணைக்க முடியாது, ஹேண்டில்பாரில் அதற்கு ஸ்விட்சே இல்லை.

விபத்து இழப்பீட்டு வழக்குகள்தான் எனக்குச் சோறு போடுகின்றன. எம்.சி.ஓ.பி. என்று நாங்கள் சொல்லும் இந்த வழக்குகளின் கட்டுகளைப் புரட்டிப் புரட்டி ஒரு விஷயம் புரிந்தது. நம் ஆட்கள் மனதில் 'பகல் வண்டி' என்று ஒரு தனி இனம் இருக்கிறது. தோட்டத்துக்குப் போக, பால் ஊற்ற, சந்தைக்கு மூட்டை ஏற்ற. இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடும் வண்டிக்கு விளக்கு எரிந்தால் என்ன, எரியாவிட்டால் என்ன?

சட்டத்தில் அப்படி ஓர் இனம் கிடையாது.

ஒட்டன்சத்திரம் பக்கத்து விவசாயி ஒருவர் என் கட்சிக்காரர். பழைய 100 சிசி பைக். முருங்கைக்காய்க் கட்டை மார்க்கெட்டில் போட்டுவிட்டுத் திரும்பும்போது, காலை பதினொரு மணி வெயிலில், தன் ஊர்ப் பிரிவு ரோட்டில் திரும்புவதற்காக பிரேக் போட்டிருக்கிறார். பின்னால் வந்த கார் இடித்துவிட்டது. இடது கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிவு, கம்பி வைத்து ஆபரேஷன். பின்னால் வந்தவன் இடித்த வழக்கு என்பதால் சுலபமான வழக்கு என்றே நினைத்தேன்.

மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையில் 'பின் விளக்கு முழுவதும் உடைந்துள்ளது' என்று மட்டும் இருந்தது. பின்னால் இடித்தால் உடையத்தானே செய்யும்? அதற்கு முன் எரிந்ததா இல்லையா என்று அந்த அறிக்கையை வைத்து யாரும் சொல்ல முடியாது. குறுக்கு விசாரணைக்கு எழுந்த இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் அந்த இடத்தில்தான் கை வைத்தார். ரொம்ப சாதாரணமாகக் கேட்டார்: "விபத்துக்கு முன்னாடி உங்க வண்டியில பிரேக் லைட் எரிஞ்சுதா?"

என் கட்சிக்காரர் பொய் சொல்லத் தெரியாத மனுஷன். "அது ஆறு மாசமாவே எரியலைங்க. நான் பகல்லதானே போறேன், வர்றேன்" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த ஒரு வாக்கியம் அப்படியே சாட்சியத்தில் ஏறியது. தீர்ப்பில் அவர் பங்குக்கும் கவனக்குறைவு இருந்ததாகச் சொல்லி, இழப்பீட்டில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தார்கள். ஆபரேஷனுக்கு வாங்கிய கடனில் பாதி அந்தத் தொகைக்குள் அடங்கியிருக்கும்.

விதியை மீறினாலே பங்குக் கவனக்குறைவு ஆகிவிடுமா என்றால், ஆகாது. 2020 ஜனவரியில், ஒரே பைக்கில் மூன்று பேர் போன வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. மூன்று பேர் போனது தவறுதான். ஆனால் அந்தத் தவறுக்கும் விபத்துக்கும் தொடர்பு இருப்பதாகக் காட்டினால்தான் கழிக்கலாம். இந்தத் தீர்ப்பை நான் பல வழக்குகளில் எடுத்துக் காட்டியிருக்கிறேன். ஆனால் பின்னால் இடித்த வழக்கில் பிரேக் லைட் எரியவில்லை என்றால், தொடர்பை எதிர்த்தரப்பு தேடி அலைய வேண்டியதில்லை.

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 105-ஆவது விதி ஹெட்லைட்டைப் பற்றியது. சூரியன் மறைந்து அரை மணி நேரத்துக்குப் பிறகும், போதிய வெளிச்சம் இல்லாத எந்த நேரத்திலும் எரிய வேண்டும், முன்னால் 155 மீட்டர் தூரத்தில் இருக்கும் ஆளும் வண்டியும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்கிறது. 'பகல் வண்டி' வாதத்துக்கு வேர் இந்த விதிதான். ஆனால் 'போதிய வெளிச்சம் இல்லாத எந்த நேரத்திலும்' என்பதை யாரும் படிப்பதில்லை. கொடைக்கானல் மலைப்பாதையில் மத்தியானம் மூன்று மணிக்கு மூடும் பனியும் அதில் அடக்கம், ஐப்பசி அடைமழையும் அடக்கம்.

102-ஆவது விதி வேறு மாதிரி. இண்டிகேட்டரும், பிரேக் பிடித்தால் எரியும் சிவப்பு விளக்கும் பற்றிப் பேசும் அந்த விதியில் இரவு, பகல் என்ற பேச்சே இல்லை. பிரேக் பிடித்தால் எரிய வேண்டும், அவ்வளவுதான். பகல் வண்டிக்கு மிக முக்கியமான விளக்கு ஹெட்லைட் இல்லை, இந்தப் பிரேக் லைட்தான். நம் ஆட்கள் கவனிக்காமல் விடுவதும் இதையேதான். ஹெட்லைட் போனால் ஓட்டுபவருக்கு உடனே தெரியும். பிரேக் லைட் போனது பின்னால் வருபவருக்குத்தான் தெரியும். அவர் வண்டியை நிறுத்தி வந்து சொல்லப்போவதில்லை.

இதில் இன்னொரு ஏமாற்று இருக்கிறது. பழைய வண்டிகளின் பின் பல்புக்குள் இரண்டு இழைகள் உண்டு. 5 வாட் இழை எப்போதும் எரியும் பின் விளக்குக்கு, 21 வாட் இழை பிரேக்குக்கு. பெரிய இழை மட்டும் அறுந்துபோனால், லைட்டைப் போட்டுப் பார்க்கும்போது பின்னால் சிவப்பாக எரியும், பிரேக் பிடித்தால் பிரகாசம் கூடாது. 'எரியுதே சார்' என்று சத்தியம் பண்ணுவார்கள். பல்பு நன்றாக இருந்து, கால் பிரேக்கோடு ஸ்பிரிங்கில் மாட்டியிருக்கும் குட்டி ஸ்விட்ச் சேறு அடைத்துச் செத்துப்போவதும் உண்டு. இரண்டையும் மாற்ற ஆகும் செலவு, கோர்ட்டுக்கு ஒரு வாய்தாவுக்கு வந்து போகும் பஸ் காசு.

இப்போது அந்த அணைக்க முடியாத ஹெட்லைட்டுக்கு வருவோம். 2017 ஏப்ரல் 1 முதல் தயாராகும் இருசக்கர வாகனங்களில் இன்ஜின் ஓடும்போது விளக்கு தானாக எரிய வேண்டும். ஏ.எச்.ஓ. என்று சொல்வார்கள். சில மாடல்களில் ஹெட்லைட்டுக்குப் பதிலாகப் பகலில் எரியும் சின்ன டி.ஆர்.எல். விளக்கு இருக்கும். அதற்கு முன் வாங்கிய வண்டியில் பகலில் ஹெட்லைட் எரிந்துகொண்டே போக வேண்டிய கட்டாயம் இல்லை. விளக்கு வண்டியில் இருக்க வேண்டும், வேலை செய்ய வேண்டும்.

இந்த ஏற்பாடு ஓட்டுபவருக்குப் பாதை காட்ட அல்ல, அவரை மற்றவர் கண்ணில் படவைக்க. எங்கள் வழக்குகளில் கார் டிரைவர்கள் அதிகம் சொல்லும் பதில் "பைக் வந்ததை நான் பார்க்கலை" என்பதுதான். பல நேரம் அது பொய்யும் இல்லை. பைக்கின் முகம் சிறிது. எதிர் வெயிலிலும் புளியமர நிழலிலும் அது சாலையோடு சாலையாகக் கலந்துவிடும். எவ்வளவு தூரத்தில், எந்த வேகத்தில் வருகிறது என்று கணிப்பதும் கஷ்டம்.

'பேட்டரி போயிடும்' என்று சொல்லி, இந்தத் தானாக எரியும் ஏற்பாட்டை மெக்கானிக்குகள் துண்டித்து ஸ்விட்ச் வைத்துத் தருகிறார்கள். ஆனால் பல சின்ன வண்டிகளில் ஹெட்லைட் பேட்டரியைத் தொடுவதே இல்லை. இன்ஜினோடு சுற்றும் காயிலிலிருந்து நேராகக் கரண்ட் எடுக்கும். அதனால்தான் ஆக்சிலேட்டரை முறுக்கினால் வெளிச்சம் கூடுகிறது. எல்.ஈ.டி. வந்த பிறகு இந்தக் கவலைக்கு இன்னும் இடம் குறைவு. இப்படி மாற்றுவதற்கு எந்தப் பிரிவில் வழக்குப் போடுவார்கள் என்பது நிறுத்தும் அதிகாரியைப் பொறுத்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 177-ஆவது பிரிவில் முதல் தடவை 500 ரூபாய் வரை, மறுபடி மாட்டினால் 1,500 வரை. அனுமதியில்லாத மாற்றம் என்று 182ஏ பிரிவுக்குப் போனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய், ஆறு மாதம் வரை சிறைக்கும் அதில் இடம் உண்டு. பின் விளக்கில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுபவர்களும், சிவப்பைக் கழற்றிவிட்டு நீலமும் வெள்ளையும் மாட்டுபவர்களும் இந்த வரிகளை இரண்டு தடவை படிக்கலாம்.

லண்டனில் இருக்கும் என் சகலை மகன் ஊருக்கு வந்தபோது, அங்கே விளக்கே இல்லாத பைக்கைப் பகலில் ஓட்டலாம் என்று அடித்துச் சொன்னான். உண்மைதான். பிரிட்டனின் 1989-ஆம் ஆண்டு வாகன விளக்கு விதிகளில், முன்னும் பின்னும் விளக்கே பொருத்தாத வண்டிக்குச் சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரை ஒரு சலுகை இருக்கிறது. விளக்கை மறைத்து மூடினாலும் பொருத்தாததாகவே கணக்கு. கரடுமுரடான பாதைகளில் ஓட்டும் டிரையல்ஸ் பைக்குகளை வைத்திருப்பவர்களுக்கு இது உதவுகிறது. நம் விதிகளில் அந்தச் சலுகை இல்லை. நம் சாலைக்கு அது வேண்டாம் என்பதுதான் என் கருத்தும்.

போன வாரம் அந்த விவசாயி அப்பீலுக்குக் கையெழுத்துப் போட வந்திருந்தார். விபத்தில் அடிபட்ட அதே வண்டியைச் சரிசெய்து ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அவரோடு கீழே இறங்கிப் போய், வண்டியின் பின்பக்கத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பி நிறுத்தச் சொன்னேன். கை பிரேக்கைப் பிடித்தார். சுவரில் சிவப்பு விழுந்தது. கால் பிரேக்கை மிதித்தார். ஒன்றும் இல்லை. மறுபடி மிதித்தார். சுவர் அப்படியே இருந்தது.

"நான் எப்பவும் கால் பிரேக்கைத்தான் மிதிப்பேன் சார்" என்றார்.