கடைசிப் பக்கத்து விலைதான் விலை

"எந்த ஆப்பில் டிக்கெட் சீப்பா கிடைக்கும்?" டிராவல்ஸ் தொழிலில் இருப்பவனைக் கல்யாணப் பந்தியில் பார்த்தாலும் இதைக் கேட்காமல் விடமாட்டார்கள். நான் சொல்லும் பதில் கேட்பவருக்குச் சப்பென்று இருக்கும். உள்நாட்டு விமானத்துக்குப் பெரும்பாலும் எல்லா ஆப்பிலும் விலை ஒன்றுதான். மாறுவதெல்லாம் எந்தத் தொகையை முதல் பக்கத்தில் காட்டுகிறார்கள், எதைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளுகிறார்கள் என்பதுதான்.

விலையைத் தீர்மானிப்பது விமான நிறுவனம். அது அமேடியஸ், சேபர் போன்ற முன்பதிவு அமைப்புகள் வழியாகவோ, நேரடி இணைப்பு மூலமாகவோ எல்லா விற்பனையாளருக்கும் போகிறது. ஒரு தளம் தன் இஷ்டத்துக்கு அந்த ஃபேரைக் குறைக்க முடியாது. குறைத்தால் கைக்காசு போட்டுத்தான் குறைக்க வேண்டும். விமான நிறுவனங்கள் தரும் கமிஷனோ எப்போதோ சுருங்கிவிட்டது. அப்படியானால் இந்தத் தளங்கள் எதை வைத்துப் பிழைக்கின்றன? டிக்கெட் போட்டுத் தருவதற்கென்று தளமே வாங்கும் கன்வீனியன்ஸ் ஃபீ, இன்ஷூரன்ஸ், ஹோட்டல், விளம்பரம், வங்கிகளோடு போடும் கார்டு ஆஃபர். கன்வீனியன்ஸ் ஃபீயைத்தான் நம் ஆட்கள் கவனிப்பதில்லை.

ஒரு கணக்குப் பார்ப்போம், தொகைகள் உதாரணத்துக்குத்தான். சென்னையிலிருந்து டெல்லிக்கு ஒரு ஆப் 5,200 ரூபாய் காட்டுகிறது, இன்னொன்று 5,450. முதலாவதைத் திறந்து பெயர், வயது, மெயில் எல்லாம் அடித்தாயிற்று. சீட் தேர்வுப் பக்கத்தில் ஜன்னலோரம் பளிச்சென்று நிற்கிறது. "சீட் வேண்டாம்" என்பது மட்டும் மூலையில் சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில். அடுத்த பக்கத்தில் இன்ஷூரன்ஸ். அதற்கடுத்து ஒரு தர்மக் கட்டளைக்குப் பத்து ரூபாய், டிக் ஏற்கெனவே போட்டிருக்கிறது. கடைசியில் பணம் கட்டும் இடத்தில் கன்வீனியன்ஸ் ஃபீ, அதன் மேல் ஜிஎஸ்டி. இந்தக் கட்டணம் பெரும்பாலும் ஆளுக்கு இவ்வளவு என்று கணக்காகும், சில தளங்களில் போக ஒன்று வர ஒன்று என்று. நாலு பேர் போய்வர டிக்கெட் போட்டால் எட்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். முடிவில் முதல் ஆப் 5,700-ல் நிற்கும், 5,450 காட்டியது 5,500-ல் முடிந்திருக்கும். ஆனால் அதற்குள் பத்து நிமிஷம் செலவழித்து எல்லா விவரத்தையும் கொடுத்தாகிவிட்டது. யார் திரும்பிப் போய் இன்னொரு ஆப்பைத் திறப்பார்கள்? அந்த அலுப்பை நம்பித்தான் இந்தப் பக்கங்களின் வரிசையே அமைந்திருக்கிறது.

இது சட்டத்துக்கும் தெரிந்த விஷயம்தான். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று 'டார்க் பேட்டர்ன்' எனப்படும் ஏமாற்று வடிவமைப்புகளுக்கு எதிராக வழிகாட்டு நெறிகளை அறிவித்தது. மொத்தம் 13 வகை. அதில் கொடுத்திருக்கும் உதாரணங்களைப் படித்தால் எங்கள் தொழில் திரும்பத் திரும்ப வருகிறது. கேட்காமலே விமான டிக்கெட்டோடு இன்ஷூரன்ஸைச் சேர்ப்பது ஒரு உதாரணம். இன்ஷூரன்ஸ் வேண்டாம் என்பவரை "நான் பாதுகாப்பில்லாமலே இருந்துகொள்கிறேன்" என்ற அர்த்தத்தில் ஒரு பட்டனை அழுத்தவைத்துக் கூச வைப்பது இன்னொன்று. ஒரு விலை காட்டி, பணம் கட்டும்போது கூடுதலாக வாங்குவதும் பட்டியலில் இருக்கிறது. தடை வந்த பிறகு டிக் போட்டு வைப்பது குறைந்திருக்கிறது, ஒழியவில்லை.

நல்ல வடிவமைப்பால் ஜெயிக்கப் பார்த்தவர்கள் இல்லாமல் இல்லை. 2010-ல் அமெரிக்காவில் ஹிப்மங்க் என்று ஒரு தளம் வந்தது. ரெடிட்டைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் ஹஃப்மன், ஆடம் கோல்ட்ஸ்டீனோடு சேர்ந்து ஆரம்பித்தது. விமானங்களை விலைப் பட்டியலாக அடுக்காமல் நேரக்கோட்டில் பட்டைகளாக வரைந்து காட்டியது. எது எப்போது கிளம்புகிறது, எங்கே எத்தனை மணி நேரம் காத்துக் கிடக்க வேண்டும் என்பதெல்லாம் ஒரே பார்வையில் தெரியும். விலை, பயண நேரம், மாறி ஏறும் ஊர்களின் எண்ணிக்கை மூன்றையும் சேர்த்து 'அவஸ்தை' என்று பெயர் வைத்து அந்த வரிசையில் தந்தது. இருநூறு டாலர் மிச்சம் என்று மூன்று விமானம் மாறிப் போகிறவனின் கஷ்டத்தைக் கணக்கில் எடுத்த தளம் அது. எங்களைப் போன்றவர்களுக்கு அது பொறாமைப்பட வைக்கும் வேலை. 2016-ல் கன்கர் நிறுவனம் வாங்கியது, 2020 தொடக்கத்தில் மூடிவிட்டார்கள். நம் ஊரில் கிளியர்டிரிப்பும் 2006-ல் வந்தபோது கூச்சல் இல்லாத பக்கத்துக்காகவே பேர் வாங்கியது. 2021-ல் அது ஃபிளிப்கார்ட் கைக்குப் போனது.

ஒப்பிட்டுக் காட்டும் தளங்களின் சங்கதி வேறு. அவை டிக்கெட் விற்பதில்லை. விற்கிற தளத்துக்கு உங்களை அனுப்பிவிட்டு, பெரும்பாலும் ஒவ்வொரு கிளிக்குக்கும் காசு வாங்குகின்றன. ஹோட்டல் விலையை ஒப்பிடும் டிரிவாகோ மேல் ஆஸ்திரேலியாவின் வணிகப் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் தொடுத்த வழக்கு இதைப் புட்டுப் புட்டு வைத்தது. மலிவான விலையைக் கண்டுபிடித்துத் தருவதாக விளம்பரம். ஆனால் முதலிடத்தில் எதைக் காட்டுவது என்று முடிவு செய்ததில் கிளிக்குக்கு யார் எவ்வளவு தருகிறார்கள் என்பதற்குப் பெரிய பங்கு. 66.8 சதவீதப் பட்டியல்களில், குறைந்த விலை இருக்கும்போதே அதைவிடக் கூடிய விலை முதலிடத்தில் நின்றது. சிவப்பில் அடித்துக் காட்டிய 'பழைய விலை' சில சமயம் அதே ஹோட்டலின் சொகுசு அறையுடையது, பக்கத்தில் இருந்த 'சலுகை விலை' சாதா அறையுடையது. 2022-ல் நீதிமன்றம் 4.47 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. அதனால் 'ரெகமெண்டட்' என்று வரும் வரிசையை நம்பாதீர்கள். விலை வாரியாக மாற்றிக்கொண்டு பாருங்கள்.

"இந்த விலையில் 2 அறைகள் மட்டுமே" என்று வருகிறதே, அது முழுப் பொய் என்று சொல்லமாட்டேன். அந்தத் தளத்துக்கு ஒதுக்கியதில் இரண்டு மிச்சம் இருக்கலாம். ஹோட்டலுக்குப் போன் போட்டால் அரைவாசி காலியாக இருக்கும்.

விமான சீட்டில் இந்த எண்ணிக்கைக்குப் பின்னால் உண்மையாகவே ஒரு விஷயம் உண்டு. ஒரே எகானமி வகுப்புக்குள் பல விலைப் படிகள் இருக்கும். கீழ்ப் படியில் இரண்டு சீட்தான் பாக்கி என்று வையுங்கள், 4,500 ரூபாய். நீங்கள் நாலு பேருக்குத் தேடினால் நாலு சீட்டும் சேர்ந்து கிடைக்கிற மேல் படிக்கு, உதாரணமாக 5,600-க்கு, நாலு பேரையுமே ஏற்றிவிடும். அந்த இரண்டு மலிவு சீட் கண்ணில் படவே படாது. எனவே குடும்பமாகப் போகும்போது முதலில் ஒரு ஆளுக்குத் தேடுங்கள், பிறகு இரண்டு பேருக்கு. விலை எங்கே ஏறுகிறது என்று தெரியும். இரண்டு இரண்டாகப் பிரித்துப் போட்டால் இந்தக் கணக்கில் 2,200 மிச்சம். இரண்டு பிஎன்ஆர் ஆகிவிடும் என்பதையும் மறக்காதீர்கள். விமானம் ரத்தானால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக மாற்ற வேண்டி வரும். குழந்தையைத் தனி பிஎன்ஆரில் விடவே கூடாது. எந்தத் தளமும் இதைத் தானாக முன்வந்து சொல்லி நான் பார்த்ததில்லை.

திரும்பத் திரும்பத் தேடினால் ஆப் நம்மைக் கண்டுகொண்டு விலையேற்றிவிடும் என்று ஒரு நம்பிக்கை ஊரெல்லாம் இருக்கிறது. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஒப்பிடும் தளங்கள் கொஞ்ச நேரம் முன்பு சேமித்து வைத்த விலையைக் காட்டும். கிளிக் செய்ததும் இப்போதைய விலை வரும், இடையில் படி மாறியிருக்கும். வரிசையை ஆளுக்கேற்ப மாற்றுவது மட்டும் நடந்திருக்கிறது. ஆர்பிட்ஸ் என்ற அமெரிக்கப் பயணத் தளம் மேக் கம்ப்யூட்டரில் வருகிறவர்களுக்கு விலை கூடிய ஹோட்டல்களை முன்னால் காட்டியது 2012-ல் வெளியே வந்தது.

நாலு ஆப் பார்த்துவிட்டேன் என்கிறவர்கள் அவை யாருடையவை என்றும் பார்க்க வேண்டும். மேக்மைட்ரிப், கோஐபிபோ இரண்டும் 2017 முதல் ஒரே குழுமம், ரெட்பஸ்ஸும் அதில்தான். புக்கிங், அகோடா, கயாக் ஒரே வீடு. எக்ஸ்பீடியா, ஹோட்டல்ஸ்.காம், ஆர்பிட்ஸ் இன்னொரு வீடு, டிரிவாகோவின் பெரும்பங்கும் அங்கேதான். ஒப்பிடுவதானால் விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தையும் சேர்த்து, ஒவ்வொன்றிலும் பணம் கட்டும் பக்கம் வரை போய், அங்கே நிற்கும் தொகையை எழுதி வைத்து ஒப்பிடுங்கள். லக்கேஜ் எத்தனை கிலோ என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.

நானும் சர்வீஸ் சார்ஜ் வாங்குகிறவன்தான், மறைக்கவில்லை. ஆனால் ஐநூறு ரூபாய் குறைகிறது என்று பேர் தெரியாத வெளிநாட்டு விற்பனையாளரிடம் போட்ட டிக்கெட்டைக் கேன்சல் செய்ய எங்களிடம் வருகிறவர்களைப் பார்க்கையில் எனக்கே பாவமாக இருக்கும். விற்றவர் வழியாகத்தான் ரீஃபண்ட் வரும். விமான நிறுவனம் அவரைக் கேள் என்று கைகாட்டும். உள்நாட்டு டிக்கெட் என்றால், பயணம் செய்யாமல் விட்டாலும் விமான நிலையக் கட்டணங்கள் திரும்பக் கிடைக்க வேண்டும் என்பது விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதி. 'நான்-ரீஃபண்டபிள்' என்று போட்டிருந்தாலும் கேளுங்கள், பலர் கேட்பதே இல்லை. முதல் பக்கத்து விலையும் கடைசிப் பக்கத்து விலையும் ஒத்துப்போகாவிட்டால் இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள்.