பை கட்டும்போதே மூளை கிளம்பிவிடுகிறது

"லடாக் போய்வந்த நாட்களைவிட, அதற்காக நானும் கணவரும் உட்கார்ந்து பை கட்டிய நாட்கள்தான் அதிகம் இனித்தன. இது இயல்பா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

இயல்புதான். நெதர்லாந்தில் 1,530 பேரிடம் நடத்தி 2010இல் வெளியான ஆய்வில், சுற்றுலா கிளம்பவிருந்தவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதல் மகிழ்ச்சியில் இருந்தார்கள். திரும்பியபின், மிக நிம்மதியான விடுமுறை வாய்த்தவர்களைத் தவிர யாரிடமும் அந்த வித்தியாசம் தங்கவில்லை.

காரணத்தை மூளையில் தேடலாம். நரம்பணுக்கள் வேதிப்பொருட்களால் பேசிக்கொள்கின்றன என்பது பள்ளியிலேயே படித்ததுதான். அவற்றில் டோபமைனை 'இன்ப ரசாயனம்' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அது இன்பத்தைவிட எதிர்பார்ப்போடுதான் நெருக்கமானது. இதை அழகாகக் காட்டியவர் நரம்பியல் ஆய்வாளர் உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ். 1990களில் சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபூர்க் பல்கலைக்கழகத்தில், குரங்கின் நடுமூளையில் டோபமைனைச் சுரக்கும் நரம்பணுக்களுக்குப் பக்கத்தில் நுண்ணிய மின்முனையை வைத்து அவற்றின் துடிப்பைப் பதிவுசெய்தார்.

குரங்கின் வாயில் திடீரென ஒரு சொட்டுப் பழச்சாறு விழுகிறது. நரம்பணு படபடவெனத் துடிக்கிறது. அடுத்து, ஒவ்வொரு முறையும் சாறுக்குச் சற்று முன்னால் ஒரு விளக்கு எரிகிறது. இது பழகியதும் துடிப்பு இடம் மாறிவிடுகிறது: விளக்கு எரிந்ததும் அணு துடிக்கிறது, சாறு வரும்போது சும்மா இருக்கிறது. விளக்கை எரியவிட்டுச் சாற்றை மட்டும் நிறுத்தினால்? சாறு வந்திருக்க வேண்டிய அதே கணத்தில் அணுவின் வழக்கமான துடிப்பும் அடங்கிவிடுகிறது. வெளியே ஒன்றுமே நடக்காத கணம் அது. ஆனாலும், வரவேண்டியது வரவில்லை என்று ஒற்றை அணு குறித்துவைக்கிறது! கிடைத்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள கழித்தல் கணக்கைத்தான் அது போடுகிறது.

2003இல் ஷுல்ட்ஸின் குழு இன்னொன்றைக் கண்டது. சாறு வருவது நிச்சயம் என்றாலும், வராது என்பது நிச்சயம் என்றாலும் காத்திருக்கும் நேரத்தில் அணு அமைதியாகவே இருந்தது. வாய்ப்பு பாதிக்குப் பாதி என்றபோது துடிப்பு மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனது. குரங்கின் அணுவிலிருந்து மனிதரின் பயணத்துக்குத் தாவுவது பெரிய தாவல்தான். ஆனாலும், பழகிய ஊட்டி விடுதியைவிடப் பனி மூடியிருக்குமோ திறந்திருக்குமோ என்று தெரியாத கணவாய் ஏன் தூக்கத்தைக் கெடுக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் பார்த்ததில்லை.

குரங்குக்குச் சாறு கொடுப்பதற்கு வரிப்பணமா என்று கேட்பவர்கள் எங்கும் உண்டு. இந்தக் கழித்தல் கணக்குதான் இன்று போதைப் பழக்கத்தைப் புரிந்துகொள்ள உதவுகிறது. கணினிகளுக்குக் கற்றுத்தரும் ஒரு முறையோடும் கச்சிதமாகப் பொருந்துகிறது. நாட்டின் உற்பத்தியில் சுமார் 0.64 சதவீதத்தை மட்டும் ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் நாம், அடிப்படை அறிவியலுக்கு இன்னும் தாராளமாகக் கொடுக்க வேண்டும்.

இனி பைக்கு வருவோம். எதிர்பார்ப்பில் ஊறிய மூளை 'ஒருவேளை தேவைப்பட்டால்' என்றே யோசிக்கும். எடை கூடுவது அங்கேதான். ஒரு வாரம் முன்பே எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பி, இரண்டிரண்டாக இருப்பதைப் பாருங்கள். முதலுதவிப் பெட்டி, பற்பசை, சன்ஸ்கிரீன், சார்ஜர் இருவருக்கும் ஒன்றே போதும். ஆளுக்கொரு செட் உடையை மற்றவர் பையில் வையுங்கள். விமானத்தில் ஒரு பை தவறினாலும் மாற்றுத்துணி மிஞ்சும். ஸ்லீப்பிங் பேக் அடியில், கனமானவை நடுவில் முதுகை ஒட்டி, மழைக்கோட்டு மேலே. கனம் வெளிப்பக்கம் போனால் ஏற்றத்தில் பை பின்னுக்கு இழுக்கும்.

இறகு ஜாக்கெட்டை மட்டும் கடைசி நாள் வரை மடிக்காதீர்கள். இறகுகளுக்கிடையே தங்கும் காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. நீண்ட நாள் அமுங்கியே கிடந்தால் இறகு பழையபடி உப்பாது. 20,000 மில்லிஆம்பியர்மணி பவர்பேங்க் சுமார் 74 வாட்மணி. 100க்குள் இருப்பதால் அனுமதி உண்டு, ஆனால் கைப்பையில் மட்டும். அடுப்புக்கான கேஸ் குப்பியை விமானத்தில் எந்தப் பையிலும் கொண்டுபோக முடியாது, லடாக் போவதென்றால் அங்கே லே நகரில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கட்டி முடித்ததும் இருவரும் பையை மாட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கு நாலைந்து முறை ஏறி இறங்குங்கள். தோள் வலித்தால் பெரும்பாலும் இடுப்புப் பட்டை தொளதொளவென்று இருக்கிறது என்று பொருள். அதை இடுப்பெலும்பின் மேல் ஏற்றி இறுக்கி, பையின் தோள்வார்களைச் சற்றுத் தளர்த்துங்கள்.