மாவுச்சத்தை நானோ துகளாக்குவது எப்படி?

மாவுச்சத்து செடிக்குள் மணி மணியாக, அதாவது நுண்ணிய குருணைகளாக இருக்கிறது. உருளைக்கிழங்கு மாவுச்சத்தில் ஒரு மணி 100 மைக்ரான் வரைகூட வளரும், அரிசியில் 3 முதல் 8 மைக்ரான்தான். ஒரு மைக்ரான் என்பது 1000 நானோமீட்டர், ஆகவே அரிசி மணியையே எடுத்தாலும் 100 நானோமீட்டருக்குக் கொண்டுவர விட்டத்தில் பல பத்து மடங்கு குறைய வேண்டும். அரைத்துவிட்டால் ஆயிற்று என்று தோன்றும், ஆனால் வெறுமனே அரைத்துக்கொண்டே போனால் சூட்டில் படிக அமைப்பு (மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பது) குலைகிறது, துகள்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன.

அமில முறை இதைவிட நுட்பமானது. மணிக்குள் இறுக்கமான படிக அடுக்கும் தளர்வான அடுக்கும் மாறி மாறி இருக்கின்றன, இரண்டும் சேர்ந்து சுமார் 9 நானோமீட்டர் தடிமன். நீர்த்த கந்தக அமிலத்தில் 40 டிகிரி செல்சியஸில் 5 நாள் கலக்கிக்கொண்டே வைத்தால் அமிலம் தளர்வான இடங்களில் சீக்கிரம் புகுந்து மாவுச்சத்தின் மூலக்கூறுச் சங்கிலிகளை வெட்டிவிடும், படிகப் பகுதிகள் சின்னச் சின்னத் தட்டுகளாக மிஞ்சும். அதாவது நாம் எதையும் புதிதாகச் செய்யவில்லை, செடி ஏற்கெனவே அடுக்கி வைத்ததைப் பிரித்து எடுக்கிறோம். எனக்கு இதில் மிகவும் பிடித்தது இதுதான். கந்தக அமிலம் துகளின் மேற்பரப்பில் கொஞ்சம் எதிர்மின்னூட்டத்தையும் விட்டுச்செல்வதால் அவை ஒன்றையொன்று தள்ளி, தண்ணீரில் சீக்கிரம் படியாமல் மிதக்கின்றன. குறை என்னவென்றால், போட்ட மாவில் பெரும்பகுதி கரைந்து போய்விடும்.

சரி, அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது என்றால்? வீழ்படிவு முறை இருக்கிறது. மாவுச்சத்தைத் தண்ணீரில் நன்றாகச் சூடாக்கிக் கரைத்து, எத்தனாலைக் கலக்கிக்கொண்டே அதில் இந்தக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். தெளிவாக இருந்த எத்தனால் மெல்லப் பால் போல மங்கும். மாவுச்சத்து எத்தனாலில் கரையாது, அதனால் சங்கிலிகள் சுருண்டு உருண்டைகளாகிவிடுகின்றன. கரைசல் கெட்டியாக இருந்தால் உருண்டை பெரிதாகும், நீர்த்திருந்தால் சிறிதாகும். ஆனால் கரைக்கும்போதே பழைய படிகம் போய்விட்டதால் இவை பெரும்பாலும் படிகமற்ற துகள்கள்.

மீயொலியால் (காதுக்குக் கேட்காத அளவு அதிர்வெண் கூடிய ஒலியால்) உடைப்பதும் உண்டு, அமிலமே தேவையில்லை, அதிலும் படிக அமைப்பு சிதையும். நொதியால் சங்கிலிகளின் கிளைகளை வெட்டிவிட்டுக் குளிரவைத்தால் குட்டைச் சங்கிலிகள் தாமே மறுபடி படிகமாகச் சேரும்.

ஆகவே எந்த முறை என்பதைப் பயன்பாடுதான் தீர்மானிக்க வேண்டும். உணவைச் சுற்றும் படலத்தை வலுவாக்க, ஈரமும் காற்றும் புகாமல் தடுக்கப் படிகத் தட்டுகள் நல்லது. மருந்துப் பொருளை உள்ளே பொதிய வீழ்படிவு உருண்டைகள் வசதி, ஏனென்றால் உருண்டை உருவாகும்போதே அதையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளலாம். எதுவானாலும் சாதாரணமாகக் காயவைத்தால் துகள்கள் மறுபடி கட்டியாகிவிடும், அதனால்தான் உறையவைத்து உலர்த்துகிறார்கள், இல்லாவிட்டால் தண்ணீரிலேயே விட்டுவைக்கிறார்கள்.