லேஸ் கட்டின பந்துல டிரிப்ளிங்: 1896-97 சீசன்ல பந்து எப்படி எம்புச்சு?

1897 மார்ச் 20. அமெரிக்காவுல யேல் யூனிவர்சிட்டியும் பென்சில்வேனியா யூனிவர்சிட்டியும் பேஸ்கட்பால் ஆடுறாங்க, யேல் 32, பென்சில்வேனியா 10. பக்கத்துக்கு அஞ்சு பேர்னு காலேஜ் டீம்கள் ஆட ஆரம்பிச்ச புதுசுல நடந்த மேட்ச் இது. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 1895 பிப்ரவரியில மினசோட்டாவுல ரெண்டு கல்லூரிகளுக்கு நடுவுல நடந்த முதல் மேட்ச்ல பக்கத்துக்கு ஒன்பது பேர் நின்னாங்க, ஸ்கோர் 9-3 தான். ஆள் குறைஞ்சதும் ஓட இடம் கிடைச்சிருச்சு, ஆனா பந்தை கையில வச்சுக்கிட்டு ஓடக்கூடாதே, அப்புறம் எப்படி?

அந்த ரூல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் போட்டது. 1891 டிசம்பர்ல மாசசூசெட்ஸ்ல இருக்கிற ஸ்பிரிங்ஃபீல்டுல, பனிக்காலத்துல உள்ளுக்குள்ளயே ஆடுறதுக்குன்னு அவர் இந்த ஆட்டத்தை உருவாக்கினப்போ, பந்தைப் பிடிச்ச இடத்துலேர்ந்தே எறியணும், தூக்கிட்டு ஓடக்கூடாதுன்னு எழுதி வச்சார். பந்தைத் தரையில தட்டிக்கிட்டே ஓடுறதுக்கு டிரிப்ளிங்னு பேர், அப்படி ஒரு வார்த்தையே அவரோட 13 ரூல்ல கிடையாது. எதிராளி நெருங்கி வந்து மறிச்சுட்டா மாட்டிக்கிட்டவன் என்ன பண்ணுவான், பந்தைக் கொஞ்ச தூரம் தரையில தட்டிவிட்டு, பின்னாடியே ஓடிப்போய் தானே எடுத்துக்குவான். கையில பந்து இல்லாதப்ப ஓடினா தப்பில்லையே! தப்பிக்கிறதுக்குன்னு வந்த இந்த வித்தையை முன்னேறிப் போறதுக்கு ஒரு டீமா பயன்படுத்தினது யேல் பசங்கதான்னு வழக்கமா சொல்வாங்க. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம், அவங்க எப்பேர்ப்பட்ட பந்தை வச்சு இதைப் பண்ணாங்கங்கறதுதான்.

ஆரம்பத்துல ஆடினது ஃபுட்பால வச்சு. 1894 வாக்குலதான் நெய்ஸ்மித் கேட்டுக்கிட்டதுக்காக ஸ்பால்டிங் கம்பெனி தனியா ஒரு பந்து செஞ்சு கொடுத்தாங்க, தோல் துண்டுகளைச் சேர்த்துத் தைச்சது, உள்ள காத்து அடிக்கிற ஒரு ரப்பர் பை, பிளாடர்னு சொல்வாங்க. அந்த பிளாடரை உள்ள நுழைக்க தோல்ல ஒரு வாய் விட்டிருப்பாங்க. காத்தடிச்சு, பிளாடரோட குழாயை மடக்கிக் கட்டி உள்ள தள்ளி, ஷூவுக்குக் கட்டுற மாதிரி லேஸ் போட்டு இறுக்கணும். அப்ப அந்த ஒரு பக்கம் மட்டும் பந்து புடைச்சு, கெட்டியா இருக்கும். ஆட ஆட தோல் இழுபட்டு உருண்டையும் கோணிப்போகும்.

சரி, பந்து ஏன் எம்புது? தரையில மோதுறப்ப அடிப்பக்கம் தட்டையாகுது. உள்ள இருக்கிற காத்து அந்தத் தட்டையான பரப்பு மேல அழுத்துது, தட்டை பெருசாக ஆக தள்ளுற விசையும் கூடுது, அதாவது ஒரு ஸ்பிரிங் மாதிரி. கீழ வந்த வேகத்தை முழுங்கிட்டு மறுபடி மேல தள்ளிவிடுது. இது எல்லாம் நடந்து முடிய, ஒரு நொடியை நூறு பங்கு போட்டா ஒண்ணு ரெண்டு பங்கு நேரம் போதும். காத்து வாங்கின சக்தியை கிட்டத்தட்ட அப்படியே திருப்பிக் கொடுத்துரும், தோலும் ரப்பரும்தான் மடங்கி விரியுறப்ப கொஞ்சத்தைச் சூடாக்கி விட்டுரும், சத்தமாவும் கொஞ்சம் போகும். இன்னைக்கு இருக்கிற நல்ல பந்தே ஒவ்வொரு தடவையும் சுமார் பத்துல ஆறு பங்கு சக்தியோடதான் மேல வருது. விட்டுட்டா மூணாவது எம்புல ஆரம்ப உயரத்துல அஞ்சுல ஒரு பங்குதான் மிஞ்சும். அந்தக் குறையை ஒவ்வொரு தட்டுலயும் கை நிரப்புது, டிரிப்ளிங்னா அடிப்படையில அவ்வளவுதான்.

ஆனா பந்து திரும்ப கைக்கே வரணுமே! தரையைத் தொடுற இடத்துல பந்தோட பரப்பு எந்தப் பக்கம் சாய்ஞ்சிருக்கோ அந்தப் பக்கமா அது ஒதுங்கும். ஒரு கணக்குக்கு லேஸ் புடைப்புல விழுந்து பரப்பு 5 டிகிரி சாய்ஞ்சிருக்குன்னு வச்சுக்குவோம், பந்து சுமார் 10 டிகிரி விலகிப் போகும், 3 அடி மேல வர்றதுக்குள்ள அரை அடியாவது தள்ளிப் போயிரும். ஓடிக்கிட்டே, எதிராளியையும் பார்த்துக்கிட்டே அந்த அரை அடியை கை தேடிப் பிடிக்கணும். சுத்தளவும் அப்ப 30லேர்ந்து 32 இன்ச், இன்னைக்கு ஆண்கள் பந்து சுமார் 30 இன்ச்தான், அதனால பந்து விலகினா ஒரு கையால வளைச்சுப் பிடிக்கிறதும் லேசு இல்ல.

இன்னொண்ணு குளிர். இது பனிக்காலத்து ஆட்டம்னு சொன்னேன்ல. இன்னைக்குப் பந்துல அடிக்கிற மாதிரி 8 பவுண்டு காத்தை 25 டிகிரி செல்சியஸ்ல அடிச்சு, பந்தை 5 டிகிரி இருக்கிற ரூம்ல வச்சா அது ஆறரை பவுண்டு கிட்ட இறங்கிரும், காத்து ஒரு துளி கூட வெளிய போகலைன்னாலும். அழுத்தம் குறைஞ்சா பந்து இன்னும் அதிகமா நசுங்கும், தோல் இன்னும் அதிகமா மடங்கும், சக்தி அங்கயே போயிரும்.

அப்புறம் ரூல்ல டிரிப்ளிங்குக்கும் இடம் வந்துச்சு, ஆனா ரொம்ப நாள் வரைக்கும், டிரிப்ளிங் பண்ணிட்டு வந்தவன் தானே கூடையில போட முடியாது, வேற ஒருத்தனுக்குத்தான் பாஸ் பண்ணணும். காலேஜ் ஆட்டத்துல 1908 வாக்குலதான் அவனே கூடையில போட அனுமதி கிடைச்சுது. லேஸ் போறதுக்கு 1930-கள் ஆச்சு. தைக்காம அச்சுல வார்த்து எடுக்கிற பந்து 1940-கள் கடைசியிலதான் காலேஜ் ஆட்டத்துக்கு அதிகாரபூர்வமா வந்துச்சு. இப்போ ஆண்கள் காலேஜ் ரூல் புக்ல பந்து எவ்வளவு எம்பணும்னே எழுதியிருக்கு, 6 அடி உயரத்துலேர்ந்து விட்டா அதோட உச்சி 49லேர்ந்து 54 இன்ச்சுக்குள்ள வரணும். உங்க பந்தையும் அப்படி விட்டுப் பாருங்க, வால்வு தரையில படுற மாதிரி ஒரு தடவை, வேற பக்கம் ஒரு தடவை. வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. யேல் பசங்க கையில இருந்த பந்துல லேஸ் பக்கம் விழுந்த ஒவ்வொரு தடவையும் அது தெரிஞ்சிருக்கும்.